வாலிங்ஃபோர்ட்: வின்செஸ்டருக்கு நிகராக இருந்த ஊர் ஏன் சிற்றூராகிப் போனது?

ரெடிங்காரன்

வைக்கிங் படைகளைத் தடுக்க ஆல்ஃபிரட் மன்னரும் அவர் மகன் எட்வர்டும் தென் இங்கிலாந்தில் இருந்த தங்கள் வெசெக்ஸ் நாடெங்கும் அரண் சூழ்ந்த ஊர்களை அமைத்தார்கள். ஒவ்வோர் ஊரின் மதிலையும் காக்க எத்தனை ஹைட் (அந்தக் காலத்து நில அளவு) நிலத்திலிருந்து ஆள் வர வேண்டும் என்று 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பட்டியல் எழுதப்பட்டது. அதில் தலைநகரான வின்செஸ்டருக்கு 2400. தேம்ஸ் கரையில் இருக்கும் வாலிங்ஃபோர்டுக்கும் அதே 2400. ஒரு ஹைடுக்கு ஓர் ஆள், ஐந்து மீட்டர் மதிலுக்கு நாலு ஆள் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. அதன்படி பார்த்தால் மூன்று கிலோமீட்டர் சுற்றுக்குக் காவல் போட்டிருக்கிறார்கள். வெசெக்ஸில் இந்த இரண்டையும் விடப் பெரிய அரண் வேறு எதுவும் இல்லை.

இன்று வின்செஸ்டர் பேராலயமும் பல்கலைக்கழகமும் உள்ள நகரம். வாலிங்ஃபோர்ட் ரெடிங்குக்கும் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் நடுவில் ஒரு பாலம், ஒரு சந்தைச் சதுக்கம், நாலைந்து தெருக்கள் கொண்ட ஊர். பழைய ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கால் மணி நேரத்தில் நடந்துவிடலாம். ஆனால் சாக்சன் காலத்து மண் மதில் இன்னும் மூன்று பக்கமும் நிற்கிறது. நாலாவது பக்கம் ஆறு.

ஊரின் வரலாறு தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். என்னதான் நடந்தது இந்த ஊருக்கு?

பழையசுவடு

நல்ல கேள்வி தம்பி. சுருக்கமான பதில்: ஆபிங்டன் பாலம், 1416. ஆனால் இந்த ஊர் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று முதலில் தெரிந்தால்தான் அந்தப் பாலம் செய்த வேலை புரியும்.

1066இல் நார்மண்டியிலிருந்து படையெடுத்து வந்து ஹேஸ்டிங்ஸ் போரில் வென்ற வில்லியமால் நேராக லண்டனுக்குள் போக முடியவில்லை. லண்டன் பாலம் அவருக்குத் திறக்கவில்லை. தென்கரையை எரித்துவிட்டு மேற்கே திரும்பி, தேம்ஸைக் கடக்க இடம் தேடிக்கொண்டே வந்து சேர்ந்த இடம் வாலிங்ஃபோர்ட். இங்கே ஆறு ஆழம் குறைந்து கடக்கத் தோதாக இருந்தது. ஊர்த் தலைவர் விகாட் அவரை எதிர்க்கவில்லை. கேன்டர்பரி பேராயர் ஸ்டிகண்ட் வந்து பணிந்ததும் இங்கேதான். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று வில்லியம் முடிசூடினார். விகாடின் மகளை மணந்த நார்மன் பிரபு ராபர்ட் டாய்லி இங்கே கோட்டை எழுப்பினார். கோட்டைக்கு இடம் வேண்டி எட்டு வீடுகளை இடித்ததை 1086ஆம் ஆண்டு கணக்கெடுப்பு குறித்து வைத்திருக்கிறது.

அடுத்த நூற்றாண்டில் மன்னர் ஸ்டீஃபனுக்கும் அரியணைக்கு உரிமை கோரிய பேரரசி மட்டில்டாவுக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் இந்தக் கோட்டை மட்டில்டா பக்கம். 1142 டிசம்பரில் ஆக்ஸ்ஃபோர்ட் கோட்டை முற்றுகையிலிருந்து அவர் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு பனியில் தப்பினாரே, அவர் வந்து சேர்ந்த இடம் வாலிங்ஃபோர்ட்தான். ஸ்டீஃபன் இதைப் பிடிக்கப் பல தடவை முயன்றார், எதிர்க்கரையில் கிரௌமார்ஷில் ஒரு எதிர்க்கோட்டையே கட்டினார், முடியவில்லை. கடைசியில் 1153இல் மட்டில்டாவின் மகன் ஹென்றி ஒரு பக்கம், ஸ்டீஃபன் ஒரு பக்கம், நடுவில் ஆறு. இரு தரப்புப் பிரபுக்களுக்கும் சண்டை போட மனமில்லை. இங்கே தொடங்கிய சமாதானப் பேச்சு நவம்பரில் வின்செஸ்டரில் ஒப்பந்தமானது. ஸ்டீஃபனுக்குப் பிறகு ஹென்றிக்கே அரியணை என்று முடிவானது. பல நூல்கள் அதை வாலிங்ஃபோர்ட் ஒப்பந்தம் என்றே குறிப்பிடும். அரசரானதும் ஹென்றி நன்றி மறக்கவில்லை. 1155இல் ஊருக்குச் சாசனம் கொடுத்தார். வணிகர் சங்கம் வைத்துக்கொள்ளலாம், அவர் ஆட்சிக்கு உட்பட்ட இடங்களில் சுங்கம் கட்டாமல் வியாபாரம் செய்யலாம். சொந்த நாணயச் சாலை வேறு இருந்தது.

இப்படிப்பட்ட ஊரை எது கவிழ்த்தது? லண்டனிலிருந்து குளோஸ்டர் போகும் சாலை வாலிங்ஃபோர்ட் பாலத்தின் மேல்தான் போய்க்கொண்டிருந்தது. 1416இல் ஆபிங்டன்காரர்கள் தங்கள் ஊரில் ஒரு பாலமும், அதை அடுத்துக் கல்ஹாமில் இன்னொரு பாலமும் கட்டத் தொடங்கினார்கள். சாலை அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. கம்பளி வியாபாரி, மாட்டு வண்டி, யாத்ரீகர் எல்லாரும் அந்த வழி. வாலிங்ஃபோர்டின் பிழைப்பே ஆற்றைக் கடப்பவர்களை நம்பி இருந்தது.

மண்மேடு

ஐயா, கோட்டைக் கதையை அழகாகச் சொன்னீர்கள். ஆனால் 1416 என்ற ஒரே தேதியில் பழியைப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பாலம் வருவதற்கு முன்பே ஊர் பாதி காலி.

1349இல் பெருங்கொள்ளைநோய் இந்தப் பக்கம் வந்தது. ஒரு காலத்தில் பத்துக்கும் மேற்பட்ட கிறிஸ்தவக் கோயில்கள் இருந்த ஊர் இது. நோய்க்குப் பிறகு சபைகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன, கட்டடங்கள் கைவிடப்பட்டன. 15ஆம் நூற்றாண்டில் ஆபிங்டன் பாலம் வந்தபோது அது விழுந்துகொண்டிருந்த ஊரைத்தான் தள்ளிவிட்டது.

கொள்ளைநோய்க்கும் முந்தைய காரணம் ஒன்று இருக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை. படகு. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் லண்டனுக்குத் தானியம் போக முக்கிய வழி தேம்ஸ். ஆனால் மாவு ஆலைக்காரர்களும் மீன் பிடிப்பவர்களும் ஆற்றின் குறுக்கே அணைகள் போட்டு வைத்திருந்தார்கள். ஆற்றின் கீழ்ப்போக்கில் இருக்கும் ஹென்லிக்கு மேலே பெரிய படகு ஏறி வருவது சிரமம், செலவு. அதனால் சுற்றுவட்டாரத் தானியம் வண்டியில் ஹென்லிக்குப் போய் அங்கே படகேறியது. லண்டன் தானிய வியாபாரிகள் ஹென்லியில் களஞ்சியம் வைத்தார்கள். ஹென்லி வளர்ந்தது. ஆற்றங்கரையில் இருந்தும் ஆற்று வியாபாரத்தில் வாலிங்ஃபோர்டுக்குக் கிடைத்த பங்கு குறைவு. சாலையும் போனபோது பிடித்துக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை.

ரெடிங்காரன்

ஹென்லி விஷயம் எனக்குப் புதிது அண்ணா, நன்றி. மதிலுக்குள்ளேயே இரண்டு பெரிய புல்வெளிகள் இருக்கின்றன. மேற்கே கினிக்ராஃப்ட், வடக்கே புல்க்ராஃப்ட். அவை வெறுமையாகக் கிடப்பது கொள்ளைநோயில் வீடுகள் அழிந்ததாலா?

தேன்மொழி

அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள் தம்பி. புல்க்ராஃப்டில் இருந்தது பெனடிக்டின் துறவியர் மடம். 1520களில் மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சரான கார்டினல் வோல்சி அதை மூடி வருமானத்தை ஆக்ஸ்ஃபோர்டில் தன் கல்லூரிக்கு எடுத்துக்கொண்டார். ஆகவே அந்தப் புல்வெளி மடத்தின் நிலம், காலியான தெரு இல்லை. கினிக்ராஃப்டும் ஒரு காலத்தில் வீடுகளால் நிரம்பி வழிந்தது என்று சொல்ல முடியாது. 2400 ஹைட் என்பது மதிலின் நீளத்துக்கான கணக்கு, உள்ளே இருந்த மக்கள்தொகைக்கான கணக்கு இல்லை. ஆபத்து வந்தால் சுற்றுப்புற ஜனங்களும் ஆடு மாடுகளும் உள்ளே வர இடம் வேண்டும் அல்லவா? அதனால் "வின்செஸ்டருக்கு நிகர்" என்பதை அரணின் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அந்த மடத்தைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். 1292இல் இந்த ஊரில் ஒரு கொல்லர் வீட்டில் பிறந்த பையன் தகப்பனை இழந்ததும் அந்த மடத்துத் தலைவர் அவனை வளர்த்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் படிக்க அனுப்பினார். அவர்தான் ரிச்சர்ட் ஆஃப் வாலிங்ஃபோர்ட். பின்னாளில் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தின் தலைவரானார். கோள்களின் நிலையைக் கணிக்க ஆல்பியன் என்ற கருவியை வடிவமைத்தார், சூரியன் சந்திரன் ஓட்டத்தையும் கிரகண காலத்தையும் காட்டும் பெரிய இயந்திரக் கடிகாரம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார். தொழுநோயோடு போராடிக்கொண்டே இவ்வளவும் செய்து 1336இல் இறந்தார். கொல்லர் பட்டறையில் பிறந்தவருக்குப் பல்சக்கரங்களின் மீது இருந்த பிடிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது. இந்த ஊர் உலகத்துக்குக் கொடுத்த பெரிய மனிதர் இவர்தான் என்பேன். ஊருக்கு வருபவர்கள் அவர் பெயரைக் கேட்டதே இல்லை என்பது வருத்தம்.

சரி, சரிவுக்கு வருவோம். நீங்கள் இருவரும் கோட்டையை விட்டுவிட்டீர்கள். பாலம் போனாலும் நோய் வந்தாலும் கோட்டை இருந்தவரை அரச குடும்பம் வந்து போனது. கருப்பு இளவரசர் எனப்பட்ட பட்டத்து இளவரசர் எட்வர்டின் மனைவியும் மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் தாயுமான ஜோன், 1385இல் இறந்தது இந்தக் கோட்டையில். அரண்மனை இருந்தால் இறைச்சி வேண்டும், ரொட்டி வேண்டும், துணி வேண்டும், குதிரைக்கு லாடம் வேண்டும். ஊர் அதில் பிழைத்தது. 16ஆம் நூற்றாண்டில், டியூடர் மன்னர்கள் காலத்தில், கோட்டைக்கு மவுசு குறைந்தது, கல்லும் ஈயமும் கழற்றப்பட்டு விண்ட்ஸர் கோட்டைக்குப் போயின. அடுத்த நூற்றாண்டில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் மன்னர் சார்லஸ் பக்கம் நின்ற கர்னல் பிளாக் கோட்டையைப் பழுது பார்த்து, பாலத்தின் வளைவுகளை எடுத்துத் தூக்குப்பாலம் வைத்து, 1646 ஜூலை 27 வரை தாக்குப்பிடித்தார். ஆக்ஸ்ஃபோர்ட் அதற்கு ஒரு மாதம் முன்பே சரணடைந்துவிட்டது. இவ்வளவு பலமான இடத்தை விட்டுவைக்கக் கூடாது என்று 1652இல் மன்னராட்சியை நீக்கிவிட்டு வந்த குடியரசு ஆட்சி கோட்டையை இடிக்கச் சொன்னது. கல் கல்லாகப் பிரித்தார்கள். இன்று நார்மன் மண்மேடும், அகழியும், கோட்டைக்குள் குருமார் இருந்த புனித நிக்கோலஸ் கல்லூரியின் இடிந்த சுவரும்தான் மிச்சம்.

பழையசுவடு

தேன்மொழி அம்மா சொன்ன கோட்டைக் கணக்கு முக்கியமானது. மண்மேடு, உங்கள் ஹென்லி வாதத்தையும் மறுக்கவில்லை. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். கொள்ளைநோய் ஆபிங்டனையும் தாக்கியது, ஆக்ஸ்ஃபோர்டையும் தாக்கியது. அவை எழுந்து நின்றன. வாலிங்ஃபோர்ட் ஏன் எழவில்லை? நோய் எல்லாருக்கும் பொது, சாலை திரும்பியது இந்த ஊருக்கு மட்டும். அதனால்தான் பாலத்தைச் சொல்கிறேன்.

மண்மேடு

ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பல்கலைக்கழகம் இருந்தது. ஆபிங்டனுக்குப் பெரிய மடமும் துணி நெசவும் இருந்தன. வாலிங்ஃபோர்டில் பிற ஊர்களுக்கு விற்க என்ன தொழில் இருந்தது? பாலத்தைத் தாண்டி யோசியுங்கள் ஐயா.

வடிகால்

குடிமைப் பொறியியல் படித்த யாருக்கும் இந்த ஊரின் பெயர் வேறு வழியில் தெரியும். மழைநீர் வடிகால் வடிவமைப்பில் வாலிங்ஃபோர்ட் முறை என்று ஒன்று உண்டு. மழை எவ்வளவு வேகத்தில் பெய்தால் குழாயில் எவ்வளவு நீர் வரும் என்று கணக்கிடும் வழிமுறை. 1981இல் வெளியானது. 1951 முதல் ஆற்றுக்கு அக்கரையில் ஹௌபரி பார்க்கில் நீரியல் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. துறைமுகம், அணை, ஆற்று முகத்துவாரம் போன்றவற்றின் சிறிய மாதிரிகளைக் கட்டி, அவற்றில் அலையும் நீரோட்டமும் விட்டுச் சோதிப்பார்கள். உலகத்தின் பல துறைமுகங்களுக்கு இங்கே மாதிரி செய்திருக்கிறார்கள். பக்கத்திலேயே நீர்வளம், சூழலியல் ஆராய்ச்சிக்கு இன்னொரு தேசிய மையம். கோட்டை போன ஊருக்கு 20ஆம் நூற்றாண்டில் வந்த பெரிய வேலைவாய்ப்பு இது. நீங்கள் யாரும் சொல்லாததால் சொல்கிறேன்.

அதே ஹௌபரியில்தான் 1701 வாக்கில் ஜெத்ரோ டல் விதை விதைக்கும் கருவியை உருவாக்கினார். கைநிறைய அள்ளி வீசாமல், வரிசையாக, சரியான ஆழத்தில் விதை விழும்படி செய்த கருவி. குதிரை இழுக்கும்.

இப்போது ஆறு. ஊர் மேற்குக் கரையில் மட்டும் இருப்பதைக் கவனித்தீர்களா? அந்தக் கரை சரளைக் கல் மேடு, வெள்ளம் எளிதில் ஏறாது. எதிர்க்கரை தாழ்வான புல்வெளி, குளிர்காலத்தில் தண்ணீர் நிற்கும். பாலம் கிட்டத்தட்ட 270 மீட்டர் நீளம். ஆனால் ஆற்றின் அகலம் அதில் ஒரு சிறு பங்குதான். மிச்ச வளைவுகளெல்லாம் தரையின் மேல் நிற்கின்றன. வேனிற்காலத்தில் பார்ப்பவர் இவ்வளவு நீளமாக ஏன் கட்டினார்கள் என்று கேட்பார். பெருவெள்ளத்தில் பார்த்தால் ஒவ்வொரு வளைவுக்கும் வேலை இருப்பது தெரியும். 1809 வெள்ளத்தில் நடு வளைவுகள் சேதமாகி, அவற்றை மட்டும் பெரிதாகத் திரும்பக் கட்டினார்கள். அதனால் ஒரே பாலத்தில் இடைக்கால வளைவும் 19ஆம் நூற்றாண்டு வளைவும் சேர்ந்து நிற்கின்றன. 1993இல் ஊருக்குத் தெற்கே புறவழிச்சாலைப் பாலம் வந்த பிறகு இதன் மேல் பாரம் குறைந்திருக்கிறது.

கோவைவாசகி

துப்பறியும் நாவல்கள் எழுதிய அகதா கிறிஸ்டி பற்றி ஒருவரும் பேசவில்லையே! நான் இந்த ஊரைத் தெரிந்துகொண்டதே அவரால்தான்.

தேன்மொழி

அவருக்கும் ஊருக்கும் நெருக்கம் அதிகம் தங்கச்சி. 1934இல் ஊரின் தெற்கு ஓரத்தில் வின்டர்புரூக் ஹவுஸ் என்ற வீட்டை வாங்கினார். கணவர் மேக்ஸ் மேலோவன் தொல்லியல் அறிஞர். 1976 ஜனவரி 12 அன்று அந்த வீட்டில்தான் கிறிஸ்டி இறந்தார். அடக்கம் பக்கத்து ஊர் சோல்சியில், புனித மேரி கோயில் வளாகத்தில். சந்தைச் சதுக்கத்தில் இருக்கும் 1856ஆம் ஆண்டு தானியச் சந்தைக் கட்டடத்தை உள்ளூர் நாடகக் குழுவான சினோடன் பிளேயர்ஸ் அரங்கமாக மாற்றி நடத்துகிறார்கள். அந்தக் குழுவுக்கு கிறிஸ்டி கடைசி வரை தலைவராக இருந்தார். 2023இல் கினிக்ராஃப்ட் ஓரத்தில், பெஞ்சில் உட்கார்ந்திருப்பது போல் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள்.

இளஞ்சட்டம்

சட்ட மாணவர்களுக்கு வேறொரு பெயர் உண்டு. வில்லியம் பிளாக்ஸ்டன். இங்கிலாந்துச் சட்டங்களுக்கு அவர் 1765 முதல் 1769 வரை நான்கு பாகங்களாக வெளியிட்ட விளக்கவுரையை இந்திய நீதிமன்றத் தீர்ப்புகளும் மேற்கோள் காட்டும். அவர் வாலிங்ஃபோர்டில் வீடு வைத்திருந்தார், நகரின் ரெக்கார்டராக, அதாவது ஊர் நீதிமன்றத்தின் நீதிபதியாக, இருந்தார். 1780இல் இறந்ததும் புனித பீட்டர் கோயிலில் அடக்கம். அந்தக் கோயிலின் கோபுரத்தைப் பாருங்கள், கல்லில் சாளரம் சாளரமாகத் திறந்துவிட்டு வானம் தெரியும்படி கட்டியிருக்கிறார்கள். 1770களில் ராபர்ட் டெய்லர் வடிவமைத்தது. பாலத்திலிருந்து பார்க்கும்போது ஊரின் அடையாளமே அதுதான்.

இந்த இழையின் கேள்விக்கும் அவருக்கும் தொடர்பு இருக்கிறது. ஊர் வழியாகச் சுங்கச்சாலைகள் வரப் பாடுபட்டவர் பிளாக்ஸ்டன். சாலை போனதால் ஊர் நலிந்தது என்று பழையசுவடு ஐயா சொன்னதை, 18ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்தவர்களும் உணர்ந்துதான் இருந்தார்கள்.

ரெடிங்காரன்

அப்புறம் ரயில். கிரேட் வெஸ்டர்ன் பாதை 1840இல் இந்த ஊரைத் தொடாமல் சோல்சி பக்கமாகப் போனது. நிலையத்துக்கு "வாலிங்ஃபோர்ட் ரோடு" என்று பெயர் வைத்தார்கள், ஊரோ பல கிலோமீட்டர் தள்ளி. 1866இல் ஒரு கிளைப்பாதை வந்தது. வாட்லிங்டன் வரை நீட்டுவதாகத் திட்டம், வாலிங்ஃபோர்டிலேயே நின்றுவிட்டது. ஊரார் அந்த ரயிலுக்கு "பங்க்" என்று செல்லப் பெயர் வைத்தார்கள். பயணிகள் சேவை 1959இல் முடிந்தது. மதுவுக்கான முளைதானிய ஆலைக்குச் சரக்கு 1981 வரை போனது. ஆலையும் மூடியது, பாதையும் மூடியது.

பதில்களையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது: படகு ஹென்லியோடு நின்றது, சாலை ஆபிங்டனுக்குத் திரும்பியது, ரயில் சோல்சி வழியே போனது. ஒவ்வொரு நூற்றாண்டிலும் போக்குவரத்து இந்த ஊரை விட்டு விலகியே போயிருக்கிறது. விலகிப் போனதால்தான் மதிலை இடித்துத் தெரு போட வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. ஆல்ஃபிரட் காலத்துத் தெருக்கட்டம் அப்படியே இருக்கிறது.

மண்மேடு

இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இழையின் தலைப்பில் "சிற்றூராகிப் போனது" என்பதில் ஒரு தோல்வி தொனிக்கிறது தம்பி. வெள்ளிக்கிழமைச் சந்தை இன்னும் நடக்கிறது. 1670இல் கட்டிய நகர மண்டபம் தூண்களின் மேல் நிற்கிறது. ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகப் படகோட்டிகள் பயிற்சி எடுப்பது இந்த ஊர்த் தேம்ஸில்தான். உள்ளூர்க்காரர்கள் தங்கள் உழைப்பால் ஓர் அரங்கம் நடத்துகிறார்கள், பழைய ரயிலை மீட்டு ஓட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் இது வாழத் தெரிந்த ஊர்.

வடிகால்

நம் நாட்டோடு ஒரு தொடர்பு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் சில்டர்ன் குன்றுகளில் ஸ்டோக் ரோ என்று ஒரு கிராமம். சுண்ணாம்புப் பாறை, தண்ணீர் கிடையாது. அந்த வட்டாரத்தைச் சேர்ந்த எட்வர்ட் ரீட் என்ற அதிகாரி வட இந்தியாவில் வேலை பார்த்தபோது தன் ஊர்ப்பக்கத் தண்ணீர்க் கஷ்டத்தைக் காசி மகாராஜாவிடம் சொல்லியிருக்கிறார். அங்கே ரீட் ஒரு கிணறு வெட்டுவித்த நன்றிக்கு மகாராஜா ஸ்டோக் ரோவில் கிணறு வெட்டப் பணம் அனுப்பினார். நாலடி அகலம், 368 அடி ஆழம், முழுவதும் ஆட்கள் கையால் தோண்டியது. 1864இல் திறந்தார்கள். குவிமாடத்தின் கீழே இரும்பு ஏற்ற இயந்திரமும் அதன் மேல் தங்க நிற யானையும் இன்றும் இருக்கின்றன. இயந்திரத்தைச் செய்தது வாலிங்ஃபோர்டில் இருந்த வைல்டர் இரும்புப் பட்டறை. பிரிட்டன் இந்தியாவுக்கு என்ன செய்தது என்று பேசுகிறவர்கள் இந்தக் கிணற்றையும் ஒரு தடவை எட்டிப் பார்க்க வேண்டும்.

கோவைவாசகி

யானைக் கிணறு! வரும் மே மாதம் அக்கா வீட்டுக்கு ரெடிங் வருகிறேன். ஒரே நாளில் எதையெல்லாம் பார்க்கலாம்? அம்மாவும் கூட வருகிறார், அதிகம் நடக்க முடியாது.

தேன்மொழி

ரெடிங்கிலிருந்து எக்ஸ்40 பேருந்து நேராக ஊருக்குள் வரும். சந்தைச் சதுக்கத்தில் இறங்குங்கள். முடிந்தால் வெள்ளிக்கிழமை. அங்கிருந்து ஹை ஸ்ட்ரீட்டில் இருக்கும் அருங்காட்சியகம் கொஞ்ச தூரம்தான், கோட்டை எப்படி இருந்தது என்பதை அங்கே முதலில் பார்த்துவிட்டால் மேடுகளைப் பார்க்கும்போது புரியும். வாசலைத் தாண்டினால் கினிக்ராஃப்ட், அம்மா கிறிஸ்டி சிலைக்குப் பக்கத்தில் உட்காரலாம், நீங்கள் மட்டும் மதில் மேல் ஏறி ஒரு சுற்று வாருங்கள். பிறகு கோட்டைப் பூங்கா, கட்டணம் இல்லை. கோட்டைப் புல்வெளி சரிவு மழைக்குப் பிறகு வழுக்கும், அம்மாவைப் பூங்காவிலேயே விடுங்கள். பாலத்தை அக்கரையிலிருந்து பார்த்தால்தான் முழு நீளமும் தெரியும். மீட்டெடுத்த ரயில் குறிப்பிட்ட வாரக்கடைசிகளில்தான் ஓடும், தேதி பார்த்துக்கொண்டு வாருங்கள். ஸ்டோக் ரோவுக்குக் கார் இருந்தால் நல்லது, அக்காவிடம் கேட்டுப் பாருங்கள்.